பதினொரு மாதச் சம்பளத்தில் ஓடும் கல்லூரிகள்



திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனத்தில் ஏற்றுமதி ஆவணங்களையும் ஜி.எஸ்.டி. கணக்கையும் பார்ப்பவர் பெரும்பாலும் பி.காம். படித்தவர். மருந்துத் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் நிற்பவர் பி.எஸ்சி. வேதியியல் முடித்தவர். முதலீட்டு மாநாடுகளில் இவர்களைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. ஆனால் கோடிகளில் கையெழுத்தாகும் ஒப்பந்தம் உற்பத்தியாக மாறுவது இவர்களின் கையில்தான்.

இவர்களை உருவாக்கும் இளநிலைக் கல்விக்கு மாணவர்களை அழைத்து வருவதில் தமிழ்நாடு குறை வைக்கவில்லை. 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4 விழுக்காடு, இங்கே 47. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் மாணவிகளுக்கு 2022 முதலும் மாணவர்களுக்கு 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. பாராட்ட வேண்டிய செலவு இது.

கோளாறு வகுப்பறைக்குள் இருக்கிறது. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்களே பாடத்தைச் சுமக்கிறார்கள். முனைவர் பட்டமும் நெட், செட் தகுதியும் உள்ள பலருக்கு 2024-இல் மாதம் 25,000 ரூபாய். அதுவும் பதினொரு மாதத்துக்கு மட்டும். மே மாதம் அவர்களுக்குப் பசிக்காது என்று யார் முடிவு செய்தார்களோ! பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே இத்தகையோருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று வரையறுத்துவிட்டது.

அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாதவர் ஆய்வகத்தைச் சீரமைக்கத் திட்டமிட மாட்டார். மாணவரைப் பயிற்சிக்கு அனுப்ப உள்ளூர்த் தொழிற்சாலையோடு நீண்ட நாள் தொடர்பும் வளர்க்க முடியாது. செய்முறை குறைந்து, பாடம் குறிப்பெடுப்பதாகச் சுருங்குகிறது. அப்படி வெளிவரும் பட்டதாரிக்கு அடிப்படை வேலையை நிறுவனம் மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தச் செலவைத் தவிர்க்க நினைக்கும் நிறுவனம் அவரைச் சேர்ப்பதே இல்லை.

நிரந்தர நியமனத்தின் கதையும் நீளமானது. 2019-இல் 2,331 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு வந்த அறிவிப்பு ரத்தானது. அடுத்து 4,000 இடங்களுக்கு 2024 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. ஆகஸ்ட்டில் நடக்கவிருந்த தேர்வும் தள்ளிப்போனது. 2019-இல் முதலாண்டில் சேர்ந்த மாணவர் 2022-இலேயே பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

காலியிடங்களை ஆண்டுதோறும் நிரப்பக் கால அட்டவணை ஒன்றை உயர்கல்வித் துறை அறிவிக்க வேண்டும். அதுவரை கௌரவ விரிவுரையாளர்களுக்கு மானியக் குழு வரையறுத்த ஊதியத்தை, மே மாதமும் சேர்த்து, வழங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்