உறவுக்கோடுகளும் கொடையாளர் உள்ளமும்

கல்லூரியொன்று யூபிலி விழாக் கொண்டாடும் ஆண்டிலே கட்டட நிதியைப் பற்றிய பேச்சும் உடன் எழுதல் இயல்பு. வகுப்பறையும் நூல்நிலையமும் விளையாட்டிடமும் வேண்டும். பழைய மாணவரோ இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் பரந்து வாழ்கின்றனர். எவரை அணுகுவது, எவர் வாயிலாக அணுகுவது என்னும் வினாவுக்கு விடை தருவனவாக இணையத்திலே உறவு வரைபடக் கருவிகள் பல தோன்றியுள்ளன. மேனாட்டுப் பல்கலைக்கழகங்களில் இவ்வாராய்ச்சிக்கெனவே அலுவலர் உளர். நம் சங்கங்களும் இவற்றைக் கைக்கொள்ளவேண்டுமென்பார் உளர். கைக்கொள்ளுமுன் மதிப்பிடல் வேண்டுமென்பதே நம் கருத்து.

இக்கருவிகள் செய்வது யாது? ஒருவர் பெயரை ஒரு புள்ளியாகவும், அவர் இன்னொருவரோடு ஒரே கொம்பனியின் பணிப்பாளர் சபையிலோ, தரும தாபனத்திலோ, கல்லூரியிலோ இருந்தமையை ஒரு கோடாகவும் வரைந்து காட்டுகின்றன. நம் தலைவரிடமிருந்து செல்வர் ஒருவரை எத்தனை கோடுகளிற் சென்றடையலாமென்றும் கணித்துரைக்கின்றன. 2003 இல் தொடங்கிய லிங்க்டின், அவரவர் தாமே எழுதிய விபரங்களைக் கொண்டது. 2009 இல் அமெரிக்காவில் எழுந்த லிற்றில்சிஸ், அரசியலிலும் வணிகத்திலும் அதிகாரமுடையாரின் தொடர்புகளைப் பொதுமக்கள் அறிதற்பொருட்டு அமைந்தது. தொடர்புகளுக்கு ஆதாரம் காட்டுவது அதன் சிறப்பு. பெருஞ்சந்தா பெற்று நடத்தப்படுவனவும் உள.

முதற்கண் நாம் கேட்கவேண்டியது, இக்கோடு எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டினது என்பதாம். 10 ஆண்டுகளுக்கு முன் ஒரே சபையில் இருந்த இருவர் இன்று உயிர் நண்பராயிருக்கலாம். முகம் பாராது பிரிந்தவராயும் இருக்கலாம். படத்தில் இரண்டும் ஒரே கோடே. ஆதாரமும் ஆண்டும் காட்டாத கருவி அழகிய படம் தரினும் பயன் தராது.

இரண்டாவது, நம் பெயர்களைப் பற்றியது. இக்கருவிகள் பெரும்பாலும் குடும்பப்பெயர் வழங்கும் நாடுகளில் ஆக்கப்பட்டவை. நம்மவர்க்கோ தந்தை பெயரே முன்னெழுத்து. வெளிநாடு சென்றவிடத்து ஒருவர்க்குத் தந்தை பெயர் இறுதிப்பெயராகின்றது. மற்றொருவர்க்குத் தம் பெயரே இறுதிப்பெயராகின்றது. ஆதலின் உடன்பிறந்தார் இருவர் அயலாராகவும், ஒரு தொடர்புமில்லாச் சிவகுமார் இருவர் உறவினராகவும் படத்தில் தோன்றக்கூடும். ஒரே பெயரை ஆங்கில எழுத்திற் பலவாறு எழுதும் வழக்கம் இம்மயக்கத்தைப் பெருக்கும். கருவியைப் பணங்கொடுத்து வாங்குமுன், நாம் நன்கறிந்த 20 பழைய மாணவரை, அவர்தம் சம்மதத்தோடு, அதிலே தேடிப் பார்த்தல் நன்று. எத்தனை பேரைச் சரியாகக் காட்டிற்று, எத்தனை பேரைப் பிறரோடு மயக்கிற்று, எத்தனை பேரை அறியவேயில்லை என எண்ணினால் அதன் தரம் விளங்கும்.

அறியப்படாதோரையும் நாம் மறத்தலாகாது. பதவியும் பெருஞ்செல்வமும் உடையாரையே இவை பெரிதும் அறியும். தாதியராயும் ஆசிரியராயும் கடைக்காரராயும் உழைத்து மாதந்தோறும் சிறுதொகை அனுப்புவோர் இவற்றின் கண்ணிற் படுதல் அரிது. பிடியரிசி சேர்த்தும் பொதுக்காரியம் நடத்திய மரபினர் நாம். சிறுகொடையைக் காட்டாத படத்தை முழுப்படமெனக் கொள்ளலாமா?

மூன்றாவது கேள்வியே தலையாயது: நாம் செய்வதைக் கொடையாளர் அறிந்தால் என்ன நினைப்பார்? 2016 டிசெம்பரில் பிரித்தானியத் தகவல் ஆணையாளர், விலங்கு வதையைத் தடுக்கும் அரச சங்கத்துக்கு 25,000 பவுணும், பிரித்தானிய இருதய மன்றத்துக்கு 18,000 பவுணும் தண்டம் விதித்தார். கொடையாளரின் செல்வநிலையை அவர் அறியாவண்ணம் ஆராய்வித்தமை குற்றங்களுள் ஒன்று. 2017 ஏப்பிரலில் மேலும் 11 தரும தாபனங்கள் தண்டம் பெற்றன. இலங்கையிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. சட்டம் ஒருபுறமிருக்க, நம்மோடு ஒரே வாங்கிலிருந்து படித்தவரின் வீட்டு விலையையும் பங்குகளையும் மறைவிலிருந்து கணக்கிடுதல் கல்லூரிப் பண்புக்கு ஒவ்வுமா?

ஒன்றும் ஆராயாது எல்லாரிடமும் கேட்பதும் தவறன்றோ எனின், தவறே. வள்ளுவர் இரவு என ஓரதிகாரம் வைத்து, அதனையடுத்தே இரவச்சத்தையும் வைத்தார். கேட்கத் தக்காரை அறிதலும் வேண்டும். கேட்பதில் நாணமும் வேண்டும். கருவி முன்னதற்குச் சிறிது உதவும். பின்னதை அது அறியாது.

ஆதலின் இக்கருவிகளை முற்றாகத் தள்ளவேண்டுவதில்லை. படம் காட்டும் கோட்டை விடையாகக் கொள்ளாது வினாவாகக் கொண்டு, அவ்வகுப்பிற் பயின்ற ஒருவரிடம் கேட்டுத் தெளிதல் வேண்டும். என்ன விபரம் திரட்டுகின்றோம், எதற்காகத் திரட்டுகின்றோம் என்பதைச் சங்க அறிக்கையிலே வெளிப்படையாக எழுதுதல் வேண்டும். வேண்டாமென்பார் பெயரை உடனே நீக்குதல் வேண்டும். எவரைப்பற்றி எதனைக் குறித்துவைப்பினும், அவரே வந்து வாசித்தால் நாம் தலைகுனிய நேராதவாறு குறித்துவைத்தல் வேண்டும். கட்டடம் இரண்டாண்டு பிந்தி எழும்பினும் குறையில்லை. தம்மை வேவு பார்த்தனரென்று பழைய மாணவர் ஒருவர் மனங்கசந்து கல்லூரியை விட்டு விலகின், அவ்விழப்பை எந்நிதியும் ஈடுசெய்யாது.