கிளினிக் நாளுக்கும் பேர் விழ வேண்டும்

இலங்கையில் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் அதிகம் காணப்படும் மாவட்டங்களைச் சொல்லும்போது குருநாகல், அனுராதபுரத்தோடு பதுளையின் பெயரும் வரும். தேசிய தலசீமியா நிலையம் குருநாகலில் இருந்தாலும், பதுளை வைத்தியசாலையிலும் இந்த நோயுள்ள பிள்ளைகளுக்குச் சிகிச்சை உண்டு. இரத்தம் இலவசம், மருந்தும் இலவசம். பிறகு பண்டாரவளைத் தேயிலைத் தோட்டப் பிள்ளைக்கு என்னதான் குறை? பஸ்ஸும் சம்பளமும்தான்.

நோய் கடுமையாக உள்ள பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும், ஆயுள் முழுக்க. ஏற்றும் ஒவ்வொரு பையோடும் இரும்புச்சத்து உடம்பில் சேருகிறது. அதை வெளியேற்றும் மருந்து தவறினால் இருதயத்திலும் ஈரலிலும் படிந்துவிடும். பிள்ளையின் வளர்த்தி தடைப்படும். டெஸ்பெரல் என்ற மருந்தைச் சிறு பம்ப் மூலம் தோலுக்கடியில் எட்டு மணி நேரத்துக்கு மேல் செலுத்த வேண்டும், வாரத்தில் ஐந்தாறு இரவு. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில், தம்பி தங்கைகளுக்கு நடுவே, ஊசி கழன்றுவிடாமல் அந்தப் பிள்ளை தூங்க வேண்டும். இரும்பை வெளியேற்றும் மாத்திரை வந்த பிறகு இந்தப் பாடு குறைந்தது. ஆனால் மாத்திரை குடிக்கும் பிள்ளைக்கு ஈரலையும் சிறுநீரகத்தையும் அடிக்கடி சோதிக்க வேண்டும். அதற்கும் கிளினிக்தான்.

பூனாகலை மலையிலிருந்து கிளம்பும் ஒரு தாய் முதலில் பண்டாரவளைக்கு இறங்க வேண்டும். அங்கிருந்து பதுளைக்கு இன்னும் முப்பது கிலோமீற்றர் அளவில் வளைவும் நெளிவுமான பாதை. இரத்தம் பொருந்துகிறதா என்று பார்த்து, துளித்துளியாக ஏற்றி முடிப்பதற்குள் பகல் கழிந்துவிடும். அன்று அவள் கொழுந்து எடுக்கவில்லை, பேர் விழாது; அதாவது அந்த நாள் சம்பளக் கணக்கில் சேராது. 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா என்று எத்தனையோ போராட்டத்துக்குப் பிறகு உயர்ந்த நாட்சம்பளம் அது. பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் அதற்கு மேல். கையில் காசில்லாத மாதத்தில் கிளினிக் ஒரு வாரம் தள்ளிப்போகிறது, பிள்ளை வெளிறிப் போய் வந்து சேர்கிறது. கிளினிக் கொப்பியில் தவறிய திகதியைப் பார்த்து, தாய் அலட்சியமானவள் என்று முடிவுகட்டுவது பெரும் அநியாயம்.

மொழி இன்னொரு சுமை. பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறை முதலிய பிரிவுகளை இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அரசாங்கம் வர்த்தமானியில் அறிவித்தது 1999இல். ஆனாலும் மருந்தின் அளவு மாறியதைத் தாய்க்குத் தமிழில் விளக்க ஓர் ஆள் வார்டில் இருப்பதை இன்றும் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

திருமணத்துக்கு முன் இரத்தத்தைச் சோதித்தால் நோயையே தடுக்கலாமே என்பார்கள். உண்மைதான். இந்த நோயின் மரபணுவைச் சுமக்கும் இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கட்டிக்கொடுக்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். ஆனால் ஏற்கெனவே பிறந்துவிட்ட பிள்ளைக்கு அந்தப் பதில் உதவாது. இனி எந்த நேரத்திலும் 2,000 பேருக்கு மேல் சிகிச்சை தேவைப்படும், சுகாதாரச் செலவில் சுமார் 5 வீதம் இதற்கே போகும் என்று, இலங்கை நோயாளரை ஆராய்ந்தவர்கள் 'லான்செட்' இதழில் 2000ஆம் ஆண்டிலேயே கணித்துவிட்டார்கள். நாட்டுக்கு இது தெரியாத சங்கதியல்ல.

தோட்டத்துக்கும் இதில் பொறுப்பு உண்டு. தொழிலாளியின் நோயைக் கவனிப்பது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டமே விதித்தது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் ஒப்புக்கொண்ட கடமையை இன்றைய கம்பனிகள் கைகழுவ முடியாது. இரத்தம் ஏற்றும் நாளில் பிள்ளையோடு போகும் தாய்க்கோ தகப்பனுக்கோ முழுப் பேர் போட வேண்டும். ஒரு தோட்டத்தில் இப்படியான பிள்ளைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருப்பார்கள். ஒரு பிள்ளைக்காக மாதத்துக்கு ஒன்றிரண்டு நாட்சம்பளம் எந்தக் கம்பனியையும் சாய்த்துவிடாது. சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் தொழிற்சங்கங்கள் இதையும் கோரிக்கையில் சேர்க்கட்டும். அத்தாட்சிக்கு அலைய வேண்டியதில்லை. கிளினிக் கொப்பியில் வைத்தியசாலை போடும் திகதியும் முத்திரையும் போதும்.