சிப்பை விடுங்கோ, செட்டைப் பாருங்கோ

அம்ப் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் மூடியைக் கழற்றியாயிற்று. உள்ளே எட்டுக் காலோடு ஒரு கறுப்புச் சிப் குந்தியிருக்கும். முதுகில் 4558 என்று எழுதியிருக்கும். பார்த்தவுடனே முகம் சுருங்கும். "மச்சான், இதுக்குள்ள 4558தான் கிடக்கு. அதுதான் சவுண்ட் இப்பிடி."

அந்த நிமிடம் வரைக்கும் அதே அம்பில் அதே பாட்டை அவன் சந்தோஷமாய்த்தான் கேட்டுக்கொண்டிருந்தான் என்பதை யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

சென்னை ரிச்சி தெருவில் பலகை வாங்கி அம்ப் பொருத்துகிறவர்கள் போடும் தமிழ் வீடியோக்கள் எங்கட பக்கம் வந்து கனகாலம். அவற்றில் நல்லது நிறைய இருக்கிறது. சோல்டர் அயனை ஒழுங்காய்ப் பிடிக்க எங்களில் பலர் பழகினதே அவற்றைப் பார்த்துத்தான். ஆனால் கூடவே ஒரு ஏணியும் வந்து இறங்கியிருக்கிறது. அடிப்படியில் 4558. அதைக் கழற்றி என்இ5532 போடவேணும். 5532 பழசு என்றால் ஓபிஏ2134. அதுவும் காணாது என்றால் எல்எம்4562. உச்சியில் மியூசெஸ் என்று ஒரு ஜப்பான் சிப், அதன் விலையைக் கேட்டால் அம்பின் விலையே வெட்கப்படும். இந்த ஏணிக்கு முடிவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு படியிலும் ஒரு வியாபாரி நிற்கிறார்.

நாங்கள் இந்த ஏணிக்கு எதிர். நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி என்று இந்தக் கரையோரம் இருக்கிற சாதாரண வீடுகளில், சாதாரண செட்டில், இந்தச் சிப் மாற்றத்தால் கேட்கக்கூடிய நன்மை அநேகமாய் ஒன்றுமில்லை என்று சொல்லுறம். கெடுதல் மட்டும் நிச்சயமாய் உண்டு.

"கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இதில என்ன கதை?" என்று கேட்பீர்கள். கேளுங்கோ. இந்த வியாபாரம் முழுக்க நடக்கிறது சொல்லை வைத்து. "இதம்", "காற்றோட்டம்", "மேடை அகலம்", "திரை விலகினது மாதிரி". அளந்து காட்ட ஏலாத சொல்லை வைத்து அளந்து காசு வாங்குவது எப்படி என்று படிப்பதற்கு எங்கட பீடத்தைவிட வேறு எந்தப் பீடம்? ஒரே சிப்பை ஒருவர் "இதமானது" என்கிறார், இன்னொருவர் "வறண்டது" என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் வெவ்வேறு ஸ்பீக்கரில், வெவ்வேறு அறையில், வெவ்வேறு விலை கொடுத்துக் கேட்டவர்கள்.

சரி, அந்தச் சிப் என்னதான் செய்கிறது? உயர்தர பௌதிகவியலில் படித்த தோழர்களுக்கு அது செயற்பாட்டு விரியலாக்கி. அந்தப் பெயர் 1947இல் அமெரிக்காவில் ரகாசினி என்ற பேராசிரியரும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரையில் வந்தது. அன்றைக்கு அது பாட்டுக்காக இல்லை, கணக்குக்காக: கூட்ட, கழிக்க, தொகையிட. வால்வு வைத்துக் கட்டினார்கள். 1968இல் 741 வந்த பிறகுதான் அது எவரும் வாங்கிச் செருகக்கூடிய மலிவுச் சாமான் ஆனது. ஆனால் அடிப்படை மாறவில்லை. சிப்புக்குள்ளே இருக்கிற பெருக்கம் இலட்சக் கணக்கில். அதை அப்படியே விட்டால் ஒன்றுக்கும் உதவாது. வெளியே பூட்டியிருக்கிற தடையிகள் வழியாக வெளியீட்டின் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளே அனுப்பி, அந்தப் பெருக்கத்தை இரண்டு மடங்கு, ஐந்து மடங்கு என்று கட்டிவைக்கிறோம். பின்னூட்டல் என்று சொல்வது இதைத்தான். பேஸ் கூடுமா, ட்ரெபிள் குறையுமா, எத்தனை மடங்கு பெருகும் என்பதை எல்லாம் தீர்மானிப்பது வெளியில் இருக்கிற தடையியும் கொள்ளளவியும். சிப்பின் சொந்தக் குணம் வெளியே தெரியாமல் பண்ணுவதற்காகவே கண்டுபிடிக்கப்பட்ட முறை அது. அந்தச் சிப்பிடம் போய் "உன்ர குணத்தைக் காட்டு" என்று கேட்பது என்ன ஞாயம்?

வேகம் என்று ஒரு கணக்கை எடுத்து வீசுவார்கள். 4558 மைக்ரோசெக்கனுக்கு ஏறத்தாழ 1 வோல்ட்தான் ஏறும், 5532 ஒன்பது வோல்ட், 4562 இருபது. உண்மைதான். ஆனால் எவ்வளவு தேவை என்று யாரும் சொல்வதில்லை. ஒரு சிடி பிளேயர் தருகிற 2 வோல்ட் சிக்னலை, மனிசக் காதின் உச்ச எல்லையான 20 கிலோஹேர்ட்ஸில், முழுப் பலத்தோடு அனுப்பினாலும் தேவைப்படுவது மைக்ரோசெக்கனுக்கு 0.36 வோல்ட். 4558 அதைப்போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேகமாய் ஓடுகிறது. இருபது எதற்கு? பாலத்தில் மாட்டு வண்டியை மறித்து "ஏன் ஜெட் எஞ்சின் போடேல்ல?" என்று கேட்கிற மாதிரி.

இன்னொன்று. 1980கள், 90களில் பதிவான பாட்டுகளை எடுங்கோ. அந்தக் காலத்து ஸ்டூடியோ மிக்ஸர்களுக்குள்ளே 5532உம் அதன் ஒற்றைச் சகோதரம் 5534உம் வரிசை வரிசையாய்க் கிடந்தன. எங்கட வீட்டுக்கு வருமுன்னரே அந்தப் பாட்டு அப்படிப்பட்ட பத்துப் பதினைஞ்சு சிப்பைத் தாண்டித்தான் வருகிறது. கடைசியில் நிற்கிற ஒன்றை மாற்றினால் திரை விலகுமாம்!

எல்லா இடத்திலும் சிப் ஒன்றுதான் என்று நாங்கள் வாதாடவில்லை. மைக் சிக்னல், இசைத்தட்டு ஊசி, ரேப் ஹெட் மாதிரி மிகச் சின்னச் சிக்னலை நூற்றுக்கணக்கான மடங்கு பெருக்குகிற இடத்தில் இரைச்சல் முக்கியம். அங்கே டிஎல்072ஐவிட 5532 அமைதியானது, வித்தியாசம் காதுக்கே தெரியலாம். பழைய சிப் உண்மையிலேயே பழுதானாலும் மாற்றத்தான் வேணும். எங்கட சண்டை, போனில் இருந்து வயர் செருகி, டோன் கன்ட்ரோல் பலகை ஊடாகப் பாட்டுக் கேட்கிற வீடுகளைப் பற்றியது. அதுதான் நூற்றுக்குத் தொண்ணூறு வீடு.

"நான் மாத்திக் கேட்டனான், வித்தியாசம் தெரிஞ்சது" என்பவர்களுக்கு: நீங்கள் எப்படிக் கேட்டனீங்கள்? அம்பை நிற்பாட்டி, மூடியைக் கழற்றி, சிப்பைப் புடுங்கி, புதுசைச் செருகி, திரும்பப் பூட்டி, வொலியூமைக் கிட்டமுட்ட அதே இடத்தில் வைத்துக் கேட்டீர்கள். நடுவில் இருபது நிமிடம் போய்விட்டது. ஒலியின் நுணுக்கத்தை மனிச ஞாபகம் சில செக்கனுக்கு மேல் நம்பகமாய் வைத்திருக்காது. வொலியூம் ஒரு டெசிபெல் கூடினாலே அது "கூடின சத்தம்" மாதிரித் தெரியாது, "நல்ல சத்தம்" மாதிரித் தெரியும். போதாக்குறைக்குக் காசும் கொடுத்தாயிற்று. 2007இல் மேயர், மொரன் என்ற இரண்டு பேர் அமெரிக்க ஒலிப் பொறியியலாளர் சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். உயர்தர எஸ்ஏசிடி ஒலியை நேராயும், அதையே சாதாரண சிடி தரத்துக்கு மாற்றித் திருப்பி எடுத்தும், எது எதுவென்று சொல்லாமல் கேட்கவைத்தார்கள். 554 தடவையில் 276 தடவைதான் சரி. காசு சுண்டிப் பார்த்தாலும் அதே எண்ணிக்கைதான் வரும். முழு மாற்றுக் கருவியொன்றையே நடுவில் நுழைத்தபோது பிடிபடாத காதுக்கு ஒரு சிப் பிடிபடுகிறது என்றால், நாங்கள் மரியாதையாய்ச் சந்தேகப்படுகிறோம்.

இப்ப கெடுதலுக்கு வருவம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஒரு பழைய ஜப்பான் அம்ப் இருந்தது. அப்பா 90களில் வளைகுடாவில் உழைத்துக் கொண்டுவந்தது. 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது வீட்டிலிருந்த அத்தனையும் போய்விட்டது. அம்ப் மட்டும் தப்பியது, ஏனென்றால் அன்றைக்கு அது திருகோணமலை ரவுணில் ஒரு கடையில் திருத்தக் கிடந்தது. அப்படி மிஞ்சின செட்டைப் போன வருடம் மகன் "அப்கிரேட்" பண்ணினான். ஏடி8066 என்ற சிப், சின்ன அடாப்டர் பலகையில் ஒட்டி விற்கிறார்கள். நல்ல சிப்தான், ஆனால் அது 24 வோல்ட்டுக்கு வேலை செய்யச் செய்தது. அந்த அம்ப் கொடுத்தது பக்கத்துக்குப் பதினைந்தாக 30. ஸ்விட்சைப் போட்டதும் சிப் செத்தது. அதன் வெளியீடு ஒரு பக்கத்துக்கு இழுபட, இடையில் கொள்ளளவி இல்லாத சுற்று என்பதால் அந்த வோல்ட் அப்படியே பவர் பகுதிக்குப் போய், ஒரு ஸ்பீக்கரையும் எரித்துக்கொண்டு போனது. அப்பா ஒன்றும் சொல்லவில்லையாம். அது ஏச்சு வாங்கினதைவிட மோசம்.

இது நேரே தெரிகிற சாவு. தெரியாத நோயும் இருக்கிறது. மெதுவான 4558க்காகப் போட்ட பலகையில் அதைப்போலப் பதினைந்து இருபது மடங்கு வேகமான சிப்பைச் செருகினால், பவர் கால்களுக்குப் பக்கத்தில் 100 நனோ பரட் கொள்ளளவி இல்லாத இடத்தில் அது தானாக அதிரத் தொடங்கும். மெகாஹேர்ட்ஸில் அதிருவதால் காதுக்குக் கேட்காது. சிப்பைத் தொட்டால் சுடும், பாட்டுக் கொஞ்சம் கரகரக்கும், ட்வீட்டர் மெல்ல மெல்லக் கருகும். அந்தக் கரகரப்பைத்தான் சிலர் "விபரம் கூடிற்று" என்று எழுதுகிறார்கள். டிஎல்072 இருந்த இடத்தில் 5532 போட்டால் வேறு பிரச்சினை. 072 உள்வாயில் குடிக்கிற மின்னோட்டம் இல்லை என்றே சொல்லலாம். 5532 குடிப்பது சராசரி 200 நனோ அம்பியர். 100 கிலோ ஓம் தடையியில் அது 20 மில்லிவோல்ட் நேர்மின்னாய் நிற்கும். நேற்றுவரை சத்தமில்லாமல் திரும்பின வொலியூம் குமிழ் இன்றைக்குச் 'சரசர' என்கும். பிறகு குமிழையும் மாற்றுவோம்.

போலியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மலிவுச் சிப்பின் முதுகைச் சுரண்டி, விலைகூடின பெயரை அச்சடித்து விற்பது உலகமெங்கும் நடக்கிறது, இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறதில் கூடவே நடக்கிறது. அவன் 4558ஐக் கழற்றிவிட்டுப் போட்டதும் 4558தானோ என்னவோ. ஆனால் திரை மட்டும் விலகியிருக்கும்.

இனி எங்கட ஊர்க் காற்று. எந்த வீடியோவிலும் இது வராது, ஏனென்றால் வீடியோ எடுக்கிறவருக்குப் பின்னால் கடல் இல்லை. இங்கே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. சைக்கிள் செயின், சன்னல் கம்பி, தகரம், எதையும் உப்பு விடுவதில்லை. அம்புக்குள்ளேயும் அதே உப்புத்தான். "லேசாய் மாத்தலாம்" என்று சிப்புக்குச் சொக்கெட் போடுகிறார்கள். சொக்கெட் என்றால் எட்டுப் புதுத் தொடுப்பு. சோல்டர் பிடித்த காலுக்குள் உப்புப் போகாது; சொக்கெட்டுக்குள் போகும். மலிவுச் சொக்கெட் ஒன்று இரண்டு மாரி தாண்டினால் ஒரு பக்கம் விட்டு விட்டுப் பாடும். மாற்றுவதற்கு வசதியாய் இருக்கட்டும் என்று போட்டது, மாற்றவேண்டிய காரணமாயே ஆகிவிடும்.

இங்கே செட்டுகள் உண்மையில் எதனால் கெடுகின்றன என்று ரேடியோ திருத்துகிற ஐயாமாரைக் கேளுங்கோ. ஸ்பீக்கர் ரிலேயின் தொடுப்புக் கறுத்திருக்கும். வொலியூமுக்குள் தூசியும் உப்பும். பவர் சப்ளையில் பெரிய கொள்ளளவிகள் சூட்டில் வற்றியிருக்கும், அதனால்தான் அந்த 'ம்ம்ம்' இரைச்சல். ஸ்பீக்கர் கோனைச் சுற்றியிருக்கிற பஞ்சு வளையம் தொட்டால் உதிரும். இந்த நாலும் சேர்ந்து திருத்த ஆகிற செலவும் ஒரு நல்ல சிப் சோடியை வெளிநாட்டிலிருந்து எடுக்கிற செலவும் அநேகமாய்ச் சரிக்குச் சரி. அறையையும் பாருங்கோ: தரையில் டைல்ஸ், நாலு பக்கமும் வெறும் சுவர், மேலே தகரம். ஸ்பீக்கர் இரண்டும் அலுமாரிக்கு மேல், ஒன்று சன்னலைப் பார்த்தபடி. ஸ்பீக்கரைக் காது உயரத்துக்கு இறக்கி ஒரு பாயை விரித்தால் வருகிற மாற்றம், மியூசெஸ் ஆறு மாதம் தவம் இருந்தாலும் வராது. அதற்குச் செலவு பூச்சியம், அதனால்தான் வீடியோவும் பூச்சியம்.

எங்களுக்கு ஆத்திரம் வருகிற இடம் இதுதான். அந்த ஐயா "சிப் நல்லாத்தான் இருக்கு தம்பி, ரிலேயைத்தான் துடைக்கவேணும்" என்று சொன்னால், "அவருக்கு இதுகள் தெரியாது, பழைய ஆள்" என்று எழும்பி வருகிறார்கள். 90களில் பொருளாதாரத் தடையில் பற்றரி கிடைக்காத வடக்கில், சைக்கிள் டைனமோவைச் சுத்தி பிபிசி தமிழோசை கேட்கவைத்த தலைமுறை அது. மத்திய அலையில் பாதி ட்ரெபிளும் இல்லாமல் வந்த இலங்கை வானொலியைத் தமிழ்நாட்டில் வீடு வீடாய்க் காத்திருந்து கேட்டார்களே, அவர்களிடம் போய் மேடை அகலம் பற்றிக் கதைத்துப் பாருங்கோ. 2022இல் டொலர் 200இலிருந்து 360ஐத் தாண்டினபோது, புதுச் செட் வாங்க வழியில்லாத ஊரில் பழசுக்கு உயிர் கொடுத்ததும் இந்தக் கடைகள்தான். ஒவ்வொன்றாய் மூடுப்படுகின்றன. நாங்கள் சிப்புக்குக் கொடுக்கிற காசு புறக்கோட்டைக்கும் அதைத் தாண்டியும் போகிறது. ரிலே துடைக்கிற காசு இந்த ரோட்டிலேயே நிற்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் "உங்களுக்குக் காது இல்லை" என்பவர்களுக்கு ஒரு அழைப்பு. இடம் வலம் இரண்டுக்கும் தனித்தனிச் சிப் இருக்கிற அம்ப் ஒன்றைக் கொண்டு வாங்கோ. ஒரு பக்கத்தில் பழைய 4558, மறுபக்கத்தில் உங்கட விருப்பமான சிப். மோனோவில் ஒரே பாட்டை விட்டு, இரண்டு பக்கச் சத்தத்தையும் மீற்றரால் அளந்து சமப்படுத்தி, இரண்டையும் ஒரு ஸ்விட்ச் வழியாக ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுப்பம். நீங்கள் திரும்பி இருங்கோ, நாங்கள் காசைச் சுண்டி ஸ்விட்சை மாற்றுவம். 16 தடவை. 12 தடவை சரியாய்ச் சொல்லிவிட்டால், அது வெறும் ஊகம் என்று நாங்கள் தள்ளமாட்டம். ஊகத்தில் அப்படி வருவதற்கு நூற்றுக்கு நாலு வாய்ப்பும் இல்லை. வந்த எண்ணிக்கை எதுவென்றாலும் இதே இடத்தில் அப்படியே போடுவம். சிப் உங்கட செலவு, தேத்தண்ணி எங்கட செலவு.