பிரஞ்ச் ஓகே, பில்லைப் படிச்சீங்களா?

பெங்களூரு இந்திராநகர்ல ஞாயிற்றுக்கிழமை பிரஞ்ச், ரெண்டு காக்டெயில். போகாதீங்கன்னு சொல்ல மாட்டேன் நண்பர்களே, நானும் போறவன்தான். ஆனா பில் வந்ததும் "ஈக்வலா பிரிச்சுக்கலாம்"னு ஒருத்தர் சொல்வாரு பாருங்க, அங்கதான் என் சண்டை. லைம் சோடா குடிச்சவர் அடுத்தவரோட மூணாவது மொஹீட்டோவுக்கும் சேர்த்து ஜிபே பண்றாரு. கேட்கக் கூச்சம். வேலைக்குச் சேர்ந்த புதுசுல நானும் சிரிச்சுக்கிட்டே கொடுத்தேன். அந்த மாசக் கடைசியில ரூமேட்கிட்ட கடன் வாங்கினேன், பெட்ரோலுக்கு!

பில்லையும் படிங்க. ஜிஎஸ்டி சாப்பாட்டுக்குத்தான், மதுவுக்குக் கிடையாது; அது மாநில வரி. சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாப் போடக் கூடாதுன்னு 2022-லேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிடுச்சு. 2025-ல டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி பண்ணிடுச்சு. எடுக்கச் சொல்லுங்க. தனித்தனி பில் வேணும்னா, ஆர்டர் பண்றதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.