பைக்குப் பேர் உண்டு, ஆளுக்கு இல்லையா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியிலிருந்து சென்னை போகிறவர்களுக்கு மரக்காணம் என்றால் ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் ஓடும் வெள்ளை. அவ்வளவுதான். வண்டியை ஓரங்கட்டி, உப்பு அம்பாரத்தை முதுகுக்குப் பின்னால் வைத்து ஒரு படம். படத்தின் மூலையில் பலகையோடு குனிந்து நிற்கும் ஒரு பெண்ணும் விழுந்துவிட்டால் "ஆஹா, என்ன ஒரு ஃப்ரேம்!" என்று நாலு பாராட்டு கூடுதலாகக் கிடைக்கும்.

அந்தப் பெண் என்ன உடுத்தியிருக்கிறார் என்று யாராவது பார்த்தார்களா?

சேலை. அதற்கு மேலே ஆம்பளைங்க போடும் முழுக்கைச் சட்டை. தலையில் துண்டு. மூன்றுக்கும் காரணம் இருக்கிறது. முழுக்கை, மேலேயிருந்து அடிக்கும் வெயிலுக்கும் கீழே உப்பிலிருந்து திருப்பியடிக்கும் வெயிலுக்கும். துண்டு வெயிலுக்குத் தலைப்பாகை, சுமைக்குச் சும்மாடு. சேலையை ஏற்றிச் செருகுவது, நனைந்த ஓரம் காய்ந்து உப்புப் பூத்து விறைத்துக்கொண்டு காலை அறுக்கும் என்பதால். துணி, உடம்பு, வேலை, தட்பவெப்பம் நாலையும் கணக்குப் போட்டுச் செய்த உடை. இதையே ஒரு டிசைனர் செய்து மேடையில் ஏற்றினால் கைதட்டல். பாத்தியில் நின்றால் 'பாவம்'!

இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது? ஒரு பழைய கதையைப் பார்ப்போம்.

2007ல் வோக் பத்திரிகை இந்தியாவுக்கு வந்தது. அடுத்த வருஷமே, 2008 ஆகஸ்ட் இதழில், ஏழை ஜனங்களை வைத்து ஒரு படத்தொகுப்பு. பல் போன பாட்டியின் இடுப்பில் இருக்கும் குழந்தைக்கு சுமார் 100 டாலர் ஃபெண்டி கழுத்துத்துணி. செருப்பில்லாத மனிதர் கையில் சுமார் 200 டாலர் பர்பரி குடை. மூன்று பேர் நெருக்கிக்கொண்டு போகும் பைக்கில் ஒரு பெண்ணின் கையில் 10,000 டாலருக்கு மேல் விலை போகும் ஹெர்மெஸ் பை. கண்டனம் கிளம்பியபோது, ஃபேஷனை இவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிற ரீதியில் ஆசிரியர் தரப்பிலிருந்து பதில் வந்தது.

ஆனால் உண்மையான அசிங்கம் படத்தில் இல்லை. படத்துக்குக் கீழே இருந்தது. கழுத்துத்துணிக்குப் பேர் போட்டார்கள். குடைக்குப் பேர் போட்டார்கள். மனிதர்களுக்குப் பேர் கிடையாது!

பெரிய பத்திரிகை, விளம்பரக் காசில் ஓடுகிறது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடலாம். அப்படியானால் யாருக்கும் கட்டுப்படாத சின்னப் பத்திரிகைகள்?

லண்டனில் டெர்ரி ஜோன்ஸ் என்பவர் பிரிட்டிஷ் வோக்கில் கலை இயக்குநராக இருந்தவர். அதை விட்டு வெளியே வந்து 1980ல் 'ஐ-டி' என்று ஒன்றை ஆரம்பித்தார் (நம்ம ஊர் ஐ.டி. கம்பெனி இல்லைங்க!). டைப்ரைட்டர் எழுத்து, ஸ்டேப்ளர் பின். உள்ளே மாடல்கள் இல்லை. தெருவில் போகிறவரைச் சுவரோரம் நிற்க வைத்து முழு உருவப் படம். கூடவே அவர் யார், என்ன போட்டிருக்கிறார், எங்கே வாங்கினார். படத்தில் நின்றவர்களும் பத்திரிகையை வாங்கிப் படித்தவர்களும் ஒரே கூட்டம். சுயேச்சைப் பத்திரிகை என்பதன் அர்த்தமே இதுதான். அது பிற்பாடு 2012ல் வைஸ் நிறுவனத்திடமும், 2023ல் மாடல் கார்லி க்ளாஸின் கம்பெனியிடமும் கைமாறியது வேறு விஷயம். ஆரம்பித்து வைத்த பழக்கம் பெரிசு.

இங்கே 'இண்டிபெண்டன்ட்' என்று பளபளப்பாக வரும் ஃபேஷன் இதழ்கள் பெரும்பாலும் இங்கிலீஷ். உப்பளத்தில் படம் எடுத்தாலும் அந்த இதழ் உப்பளத்துக்குத் திரும்பி வராது. வந்தாலும் படிக்க முடியாது. முதலாளி இல்லை என்பதற்காக மட்டும் அதைச் சுயேச்சை என்று சொல்லிவிட முடியுமா?

திட்டு அவர்களுக்கு மட்டும் இல்லை. தமிழ்ச் சிறுபத்திரிகைக்காரர்களுக்கும் பங்கு உண்டு. சி.சு.செல்லப்பா 1959ல் 'எழுத்து' ஆரம்பித்து 1970 வரை நடத்தினார். புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனவர் அவர். காசில்லாமல் பத்திரிகை நடத்தும் வைராக்கியத்தில் தமிழனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கவிதை, சினிமா, நாடகம், ஓவியம் எல்லாவற்றுக்கும் இதழ் வந்தது. உடைக்கு? "சீச்சீ, அது பொம்பளைங்க சமாச்சாரம்" என்று ஒதுக்கியாயிற்று. விளைவு? தமிழில் உடுப்பைப் பற்றிப் பேசும் உரிமை மொத்தமும் ஜவுளிக்கடை விளம்பரத்துக்குப் போய்விட்டது.

சங்கப் புலவருக்கு இந்த வெட்கம் இருக்கவில்லை. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. அதே பாட்டில், கொற்கையைச் சொல்லும் இடத்தில், உப்பு வணிகர் வீட்டுப் பெண்களின் கூந்தலும் அவர்கள் பிள்ளைகள் பூண்ட நகையும் வருகின்றன. அவர் கண்ணுக்கு உப்புக்காரர்கள் வெறும் பின்னணியாகத் தெரியவில்லை!

"சோத்துக்கே அல்லாடுறவங்களுக்கு ஃபேஷன் பத்திரிகை ஒரு கேடா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஆனால் இதே கடற்கரையில், தெற்கே ஆரோவில்லில், சுனாமிக்குப் பிறகு 'உபாசனா' என்கிற உடை நிறுவனம் மீனவப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தது. வெட்டியெறிந்த துண்டுத் துணியில் 'சுனாமிகா' என்று குட்டிப் பொம்மைகள் செய்தார்கள். விற்பதற்கு இல்லை, அன்பளிப்பாகக் கொடுப்பதற்கு. அவை எங்கெங்கோ நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. துணி என்பது வயிறு நிறைந்தவர்களின் விஷயம் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

உப்பளத்தில் உடை என்பது உடம்புப் பிரச்சினை. உப்புநீரில் நின்று நின்று பாதம் வெடிக்கிறது. வெள்ளைக் கூச்சத்தில் கண் போகிறது. கம்பூட் கொடுத்தால் இந்த வெயிலில் உள்ளே கால் வெந்துபோகுமா? சேற்றில் வழுக்காத, உப்பு தின்னாத செருப்பு எப்படி இருக்க வேண்டும்? குனிந்து வேலை செய்யும்போது நழுவாத கண்ணாடி எது? பதில் யாரிடம் இருக்கிறது? தினமும் அதைப் போட்டுப் பார்க்கிறவர்களிடம். அவர்களிடம் கேட்டு எழுதினால் அது ஃபேஷன் பத்திரிகை. கேட்காமல் படம் மட்டும் பிடித்தால் அது போஸ்ட்கார்டு.

இதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. பதினாறு பக்கம், ஜெராக்ஸ், ஸ்டேப்ளர் போதும். தமிழில் இருக்கட்டும். விதி மூன்றே மூன்று. படத்தில் இருப்பவரிடம் முதலில் அனுமதி கேட்க வேண்டும். அவர் சம்மதித்தால் அவர் பேரும், அந்தச் சட்டை யாருடையது, ஏன் போட்டார் என்று அவர் சொன்னதும் அச்சில் வர வேண்டும். முதல் பிரதி அவர் கைக்குப் போக வேண்டும்.

அதுவரைக்கும், 10,000 டாலர் பைக்குப் பேர் இருக்கும். பாத்தியில் நிற்கிற அம்மாவுக்கு இருக்காது.