குருவும் வாத்தியாரும் ஒரே இசைத்தட்டில்



"ராப் எல்லாம் ஒரு பாட்டா சார்? பேசிக்கிட்டே போறான்" என்று என் வயதுக்காரர்கள் கேட்டால், நான் பதில் சொல்வதில்லை. 'ஜாஸ்மடாஸ்' முதல் தொகுதியை எடுத்துப் போடுகிறேன். 1993-இல் அமெரிக்காவில் வந்த எல்.பி. ரெக்கார்டு அது. ஜாஸும் ஹிப் ஹாப்பும் கலந்தது. செய்தவர் பாஸ்டனில் பிறந்த ஒரு ராப் பாடகர். அவர் வைத்துக்கொண்ட மேடைப் பெயரே 'குரு'!

அதற்கு முன்பும் ராப் பிள்ளைகள் ஜாஸைத் தொட்டிருக்கிறார்கள். பழைய தட்டிலிருந்து சில வினாடிகளை வெட்டி எடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன்மேல் பேசுவார்கள். குரு ஒருபடி மேலே போய், வாசித்த ஆட்களையே ஸ்டூடியோவுக்கு அழைத்துவிட்டார். ராய் ஏயர்ஸ், லோனி லிஸ்டன் ஸ்மித், சாக்ஸபோனுக்கு பிரான்ஃபோர்ட் மார்சாலிஸ், டிரம்பெட்டுக்கு டொனால்ட் பேர்ட்.

இந்த பேர்ட் நம்ம ஜாதி. அதாவது வாத்தியார் ஜாதி! வாஷிங்டன் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். தன்னிடம் படித்த பிள்ளைகளை வைத்தே 'பிளாக்பேர்ட்ஸ்' என்ற குழுவை உண்டாக்கினார். 1973-இல் அவருடைய 'பிளாக் பேர்ட்' வந்தபோது, ஜாஸ் பண்டிதர்கள் தரம் போய்விட்டது என்று திட்டினார்கள். அவர்கள் முகம் சுளித்த அந்தக் காலத்துத் தட்டுகளைத்தான் பின்னால் ராப் பிள்ளைகள் தேடித் தேடி எடுத்தார்கள். குரு அழைத்தபோது பேர்டுக்கு 60 வயது. நம்மை மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பும் வயது. முதல் பக்கத்தில் 'லவுஞ்சின்' பாட்டைக் கேளுங்கள். குருவின் பேச்சுக்கு இடையில் அந்த டிரம்பெட் வந்து போகிறது. அறுபது வயதுக்காரர் பேச்சைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. பல வருஷம் வகுப்பில் நின்றவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

குறையும் உண்டு. மெஷின் தாளம் ஒரே சீராக ஓடுகிறது. ஒருவர் வாசிப்பதைக் கேட்டு அடுத்தவர் அந்த நிமிடமே மாறுவதுதான் ஜாஸ். மெஷின் யார் பேச்சையும் கேட்காது. பெரியவர்களைக் கூப்பிட்டுவிட்டுத் திண்ணையிலேயே உட்காரவைத்த மாதிரி சில பாட்டுகள் இருக்கின்றன. இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டிருக்கலாம்.

போனிலேயே கிடைக்குமே, தட்டு எதற்கு என்று பேரன் கேட்கிறான். தட்டில் ஒலி இனிமை கூடுதல் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. என் காதுக்கு அந்த வித்தியாசம் எட்டாது. ஆனால் இந்த இசை பிறந்ததே தட்டில்தான். 1970-களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் என்ற இளைஞர், ஆடுவதற்குத் தோதான தாளப் பகுதியை நீட்டுவதற்காக, ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டினார். பாட்டுப் போடும் பெட்டியே வாத்தியம் ஆயிற்று. இன்னொன்று, தட்டில் ஒரு பாட்டைத் தாண்டவேண்டும் என்றால் எழுந்துபோய் ஊசியைத் தூக்கி வைக்கவேண்டும். சோம்பலில் பிடிக்காததையும் கேட்டுவிடுவோம். என் இலக்கண வகுப்பில் மணி அடிக்கும்வரை நீங்கள் உட்கார்ந்திருக்கவில்லையா?

'லெ பியேன், லெ மால்' என்ற பாட்டில் எம்.சி. சோலார் பிரெஞ்சில் பேசுகிறார். ஒரு சொல்லும் எனக்குப் புரியாது. அதைத்தான் அதிகம் போடுகிறேன்.

மச்சான், உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், இரண்டு பக்கமும் போடுகிறேன். காபி உண்டு.