ஒத்து ஊதுவது இழிவா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

பிறர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுபவனை 'ஒத்து ஊதுகிறான்' என்று ஏளனம் செய்வது நம் வழக்கம். இந்த ஏளனம் நியாயந்தானா என்பதே என் கேள்வி.

சிறுவயதில் எங்கள் வளப்பூர் நாட்டு அறப்பளீசுவரர் கோயில் விழாவில் நாதஸ்வரம் கேட்டேன். ஒருவர் இராகத்தை இழைத்து வாசிக்க, அருகில் மற்றொருவர் கன்னம் உப்ப ஒரே சுரத்தை ஊதிக்கொண்டே நின்றார். "இவருக்கு வேற பாட்டே தெரியாதாப்பா?" என்று கேட்டேன். "அவரு நிறுத்தினா அப்பத் தெரியும்டா" என்றார், பள்ளிக்கூடம் கண்டிராத என் தந்தை.

அதன் பொருள் அண்மையில்தான் எனக்கு விளங்கிற்று. விடுதியில் நண்பன் ஒருவன் கொரெல்லி என்னும் இத்தாலியர் இயற்றிய வயலின் சொனாட்டா ஒன்றைக் கைப்பேசியில் கேட்கச் செய்தான். 1700-ஆம் ஆண்டு அவர் ரோமில் வெளியிட்ட 12 சொனாட்டாக்களுள் அது ஒன்று. மேலே வயலின் பாட, கீழே ஓர் அடிநாதம் இடைவிடாது தொடர்ந்து வருகிறது. அதற்குக் 'கன்டினுவோ' என்று பெயர்.

கன்டினுவோ வாசிப்பவருக்கு எழுதித் தரப்படுவது கீழ்ச்சுர வரிசையும் சில எண்களுமே! 6 என்று குறித்திருந்தால், அச்சுரத்திலிருந்து எண்ணி மூன்றாவது, ஆறாவது சுரங்களைச் சேர்த்து ஒலிக்க வேண்டும். அதை எவ்வாறு அழகுபடுத்துவது என்பது வாசிப்பவர் பொறுப்பு. சூத்திரத்தை மட்டும் தந்து, கணக்கை நம்மிடம் விடும் ஆசிரியரைப் போன்றது இது. விஷயம் அறியாதவரை நம்பி யாரேனும் இப்படி விடுவார்களா?

அந்த வயலினை ஐரோப்பியர் ஒருவரிடம் பயின்று நம் இசைக்கு உரியதாக்கியவர், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786-1859). அங்கே முன்னால் நின்று பாடிய கருவி, இங்கே பெரும்பாலும் பாடகருக்குப் பக்கவாத்தியமாக அமர்ந்திருக்கிறது. பாடகர் அந்த நொடியில் கற்பனை செய்வதை உடனே பற்றிக்கொண்டு பின்தொடர்வது எளிய காரியமா?

ஒத்தும் கன்டினுவோவும் ஒன்றே என்று நான் வாதிடவில்லை. ஒத்து ஒரே சுரத்தில் நிற்கும். கன்டினுவோ சுரம் மாறி நடக்கும். ஆயினும் இரண்டும் மேலே செல்லும் இசைக்குத் தரையாக இருப்பவை.

ஒரு விழா அழைப்பிதழில் பாடகர் பெயரைப் பெரிய எழுத்தில் கண்டேன். மற்றவர்களோ வெறும் 'பக்கவாத்தியக் குழுவினர்'! நம் கல்லூரி விழா அழைப்பிதழ்களிலேனும், ஒத்து ஊதுபவர் உட்பட ஒவ்வொருவர் பெயரும் அச்சாக வேண்டும். இதற்குச் செலவாவது ஒரு வரி மைதான்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். நாளை பட்டச் சான்றிதழில் என் பெயர் இருக்கும். 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே மிளகு பறித்து எனக்குப் பணம் அனுப்பும் இருவரின் உழைப்பு அதில் தெரியாது. அவர்கள் நிறுத்தினால் அப்பத் தெரியும்.